மூன்று மாதத்தில் மறைந்த ஊதாத் திட்டுகள்

புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்கள் நம் தோலில் என்ன செய்கின்றன? ஒரு தம்பதியின் தேடலும், அதில் நமக்கான எச்சரிக்கையும்

'பிலடெல்ஃபியா' படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கோர்ட் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். டாம் ஹாங்ஸுக்கு எய்ட்ஸ் பாதித்த வழக்கறிஞர் வேடம். நெற்றியில் இருந்த ஒரு திட்டைப் பார்த்தே நோயை ஊகித்துக்கொண்டு, தன்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது அவருடைய வழக்கு. அந்தத் திட்டு எப்படி இருக்கும் என்று ஜூரிகளுக்குக் காட்டவேண்டிய கட்டம் வருகிறது. நிமிர்ந்து உட்காரவே தெம்பில்லாத அந்த மனிதர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறார். மார்பெல்லாம் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுகள்.

படம் வெளியானது 1993 டிசம்பரில். அந்தத் திட்டுகளுக்கு 'கபோசி சார்கோமா' என்று பெயர் இருந்தது. அது ஒருவகைப் புற்றுநோய் என்று தெரியும். எய்ட்ஸ் நோயாளிகளைத் தேடித் தேடித் தாக்குகிறது என்றும் தெரியும். ஏன் வருகிறது என்பது மட்டும் அன்றைக்கு எந்த டாக்டருக்கும் தெரியாது. சரியாக ஓராண்டு கழித்து, 1994 டிசம்பரில்தான் விடை வந்தது: ஒரு வைரஸ்.

மனிதர்களிடம் புற்றுநோயைத் தூண்டுபவை என்று வழக்கமாகப் பட்டியலிடப்படும் வைரஸ்கள் ஏழு. எப்ஸ்டீன்-பார், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.பி.வி., எச்.டி.எல்.வி.-1, கபோசி சார்கோமா ஹெர்பீஸ் வைரஸ், மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ். இவற்றில் கடைசி இரண்டும் முக்கியமாகத் தோலில் வெளிப்படுபவை. இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே தம்பதி. தோலில் ஏதாவது வந்தால் முதலில் மூடி மறைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால்தான் இவர்களுடைய கதையை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வைரஸ் உடம்புக்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தப் புற்றுநோய்கள் வருவதில்லை. அதை அடக்கி வைத்திருந்த காவல் தளரும்போது வருகின்றன. காவலைச் சரிசெய்தால், வந்த திட்டு திரும்பிப் போவதும் உண்டு.

வியன்னாவில் ஐந்து பேர்

மோரிட்ஸ் கபோசி 1837-ல் ஹங்கேரியின் கபோஷ்வார் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் கோன். பின்னாளில் பிறந்த மண்ணின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். வியன்னாவில் தோல் மருத்துவத்தின் பேராசானாக இருந்த ஹெப்ராவிடம் பயின்று, அவருடைய மகளையே மணந்தார். 1872-ல் தன்னிடம் வந்த ஐந்து ஆண் நோயாளிகளைப் பற்றி எழுதினார். பாதத்திலும் கையிலும் நீலம் பாய்ந்த சிவப்பு முடிச்சுகள் தோன்றி, மெல்ல மேலேறிப் பரவுகின்றன. முடிச்சு தோன்றிய 15 மாதங்களில் ஒருவர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலிலும் குடலிலும் அதே முடிச்சுகள் இருந்தன. தோலோடு நிற்கிற நோய் இல்லை என்று கபோசிக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அது ஓர் அபூர்வ நோயாகவே இருந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளையும் கிழக்கு ஐரோப்பாவையும் சேர்ந்த முதியவர்களின் கால்களில் வரும். நிதானமாக வளரும். பலர் அந்தத் திட்டுகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால் இறந்துபோனார்கள். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் மட்டும் அதற்கு வேறு முகம். அங்கே அது இளைஞர்களுக்கும் வந்தது, குழந்தைகளுக்கும் வந்தது.

1981 ஜூலை 3. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் வாராந்திர இதழில் ஒரு குறிப்பு வந்தது. இரண்டரை ஆண்டுகளில் 26 ஆண்களுக்குக் கபோசி சார்கோமா வந்திருக்கிறது. 20 பேர் நியூயார்க்கில், 6 பேர் கலிஃபோர்னியாவில். எல்லோரும் ஓரினச் சேர்க்கையாளர்கள். வயது 26 முதல் 51 வரை. எட்டுப் பேர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். தாத்தாக்களின் கால் நோய் எப்படி இளைஞர்களின் முகத்தில் வருகிறது? எய்ட்ஸ் என்ற பெயர் அப்போது பிறந்திருக்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த ஊதாத் திட்டு ஒரு முத்திரை ஆகிவிட்டது. காய்ச்சலை மறைக்கலாம், இளைப்பை மறைக்கலாம். கன்னத்தில் வந்த திட்டை எப்படி மறைப்பது? மேக்கப் பூசினார்கள். கழுத்துவரை பொத்தான் போட்டார்கள். நோயைவிட முன்னால் ஓடி வேலையையும் வீட்டையும் பறித்தது அந்தத் திட்டுதான்.

அடித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது

எச்.ஐ.வி. வைரஸ்தான் நேரடியாக இந்தப் புற்றுநோயைத் தருகிறது என்று பலர் நினைத்தார்கள். 1990-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வலேரி பெரலும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கை வைத்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கபோசி சார்கோமா வரும் வாய்ப்பு, பொதுமக்களைவிடக் குறைந்தது 20,000 மடங்கு அதிகம். ஆனால் எய்ட்ஸ் வந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஓரினச் சேர்க்கையாளர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வந்தது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்காக ரத்தப்பொருள் ஏற்றிக்கொண்டு, அதன் வழியே எச்.ஐ.வி. பெற்றவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் வந்தது. இருவருக்கும் எச்.ஐ.வி. ஒன்றுதான். அப்படியானால் கூடவே இன்னொரு கிருமியும் பயணம் செய்கிறது, அது வேறு வழியில் பரவுகிறது என்றது அந்தக் கணக்கு.

அந்த இன்னொருவனைத் தேடிப் புறப்பட்டவர்கள்தான் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி. சாங் தைவானில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர்; திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜிஸ்ட். மூர், நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜிஸ்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாங்குக்குச் சொந்த ஆய்வகம் கிடைத்த புதிது. பல கிருமிகளின் பெயர்கள் அதுவரை அடிபட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆகியிருந்தன.

முகம் தெரியாத குற்றவாளியை எப்படித் தேடுவது? ஓர் ஊரின் பழைய வாக்காளர் பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருக்கிற பெயர்களை அடித்துக்கொண்டே போனால், கடைசியில் புதிதாகக் குடிவந்தவரின் பெயர் மட்டும் மிஞ்சும். சாங்கும் மூரும் செய்தது அதைத்தான். ஒரே நோயாளியின் திட்டிலிருந்து கொஞ்சம் திசு, நல்ல தோலிலிருந்து கொஞ்சம் திசு. இரண்டின் டி.என்.ஏ.வையும் எடுத்து, பொதுவானதைக் கழித்தார்கள். இரண்டு துணுக்குகள் மிஞ்சின. அவை மனிதனுடையவை இல்லை. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸின் துணுக்குகள். எய்ட்ஸ் நோயாளிகளின் கபோசி சார்கோமா திசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் அவை இருந்தன. 1994 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. கபோசி விவரித்து 122 ஆண்டுகளுக்குப் பிறகு காரணகர்த்தா பிடிபட்டான்.

திட்டு ஏன் ஊதாவாக இருக்கிறது?

வெயிலில் சிவந்த தோலை விரலால் அழுத்தினால் ஒரு நொடி வெளுக்கும். ரத்தம் குழாய்க்குள் ஒதுங்கிப்போவதால் வரும் வெளுப்பு அது. கபோசி சார்கோமா திட்டை அழுத்தினால் பெரும்பாலும் நிறம் மாறாது. ஏனென்றால் அங்கே ரத்தம் குழாய்க்கு வெளியே நிற்கிறது.

இந்த வைரஸ் குடியேறுவது ரத்தக் குழாய்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் உள்பூச்சாக இருக்கும் செல்களில். ஓடு பதித்ததுபோல் தட்டையாக இருந்த செல்கள், தறி நாடாவைப்போல நடு பருத்து நுனி கூர்ந்து நீள்கின்றன. தாறுமாறாகப் பெருகி, ஓட்டையும் விரிசலுமான அரைகுறைக் குழாய்களைக் கட்டுகின்றன. அந்த விரிசல்களில் சிவப்பணுக்கள் கசிந்து தேங்குகின்றன. சிவப்பு ஊதாவாகிறது. தேங்கிய ரத்தத்தின் இரும்புச் சத்து படியப் படியப் பழுப்பாகிறது. கறுத்த தோலில் அது கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே பலர் நாள் கடத்திவிடுகிறார்கள்.

செல்லுக்குள் வைரஸ் பார்க்கும் வேலை திகைக்க வைப்பது. தன் டி.என்.ஏ.வை நம் குரோமோசோமோடு கட்டிப்போட 'லானா' என்ற புரதத்தை வைத்திருக்கிறது. செல் இரண்டாகும்போது வைரஸும் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்துவிடும். கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவல் புரதத்தையும் அதே லானா முடக்குகிறது. போதாததற்கு, மனித மரபணுக்கள் சிலவற்றை வைரஸ் எப்போதோ திருடித் தன்னுடையதாக்கி வைத்திருக்கிறது. செல்களை வளரச் சொல்லும் கட்டளைகளை அவற்றைக்கொண்டே பிறப்பிக்கிறது.

இது முக்கியமாக எச்சில் வழியே பரவுகிறது. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் பிள்ளைப் பருவத்திலேயே குடும்பத்துக்குள் தொற்றிவிடுகிறது. இருந்தும் வைரஸ் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு திட்டுகூட வருவதில்லை. காவலுக்கு நிற்கும் டி-செல்கள் அதைத் தலையெடுக்க விடுவதில்லை.

காவல் திரும்பினால்…

1996-க்குப் பிறகு எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. அந்த மருந்துகள் எச்.ஐ.வி.யை அடக்கின. டி-செல்களின் எண்ணிக்கை ஏறியது. எத்தனையோ நோயாளிகளுக்குப் புற்றுநோய் மருந்து கொடுக்காமலேயே ஊதாத் திட்டுகள் சுருங்கின. முற்றிய நிலையில் கீமோதெரபி தேவைப்படும். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்தத் திட்டு வந்தால் சிகிச்சையின் அடித்தளம், எதிர்ப்புச் சக்தியை மீட்பதுதான்.

வந்த திட்டு திரும்பிப் போகும் என்பதற்கு இன்னொரு சான்று இத்தாலியின் பாரி நகரிலிருந்து 2005-ல் வந்தது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அப்படிச் சைக்ளோஸ்போரின் சாப்பிட்டுவந்த 15 பேருக்குக் கபோசி சார்கோமா வந்தது. மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும், நிறுத்தாவிட்டால் புற்றுநோய் பரவும். டாக்டர்கள் அதை நிறுத்திவிட்டுச் சிரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் 15 பேருக்கும் தோலில் இருந்த திட்டுகள் மறைந்தன. சிறுநீரகங்களும் பிழைத்தன. சிரோலிமஸும் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதுதான். ஆனால் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர்வதையும் அது தடுக்கிறது.

இந்த 15 பேரின் கதையை நம் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும். உடல் உறுப்பு தானத்தில் முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. மாற்றுச் சிறுநீரகத்தோடும் மாற்றுக் கல்லீரலோடும் நம்மிடையே வாழ்கிறவர்கள் எவ்வளவோ பேர். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிற அவர்கள், தங்கள் தோலையும் ஒரு பரிசோதனை அறிக்கையைப்போலப் படிக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது வேட்டை

பின்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறிய சாங்-மூர் தம்பதி, அதே கழித்தல் கணக்கை இன்னொரு தோல் புற்றுநோய்க்குப் போட்டார்கள். மெர்க்கல் செல் கார்சினோமா. தொடு உணர்வோடு தொடர்புடைய மெர்க்கல் செல்களின் பெயரைத் தாங்கிய நோய். அரிதானது, ஆனால் மிக வேகமானது. முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்தான் அதிகம் வருகிறது என்பது அவர்களுக்குத் துப்பாக அமைந்தது.

இந்த முறை கழித்தலைக் கம்ப்யூட்டர் செய்தது. கட்டிகளில் இயங்கிக்கொண்டிருந்த மரபணுச் செய்திகள் கிட்டத்தட்ட நான்கு லட்சத்தைப் படித்து, மனிதனுடையவை என்று தெரிந்தவற்றையெல்லாம் கழித்தார்கள். அந்தக் குவியலில் ஒரு துணுக்கு, குரங்குகளிடம் காணப்படும் பாலியோமா வைரஸ் ஒன்றின் சாயலில் இருந்தது. அந்த நுனியைப் பிடித்து இழுத்ததில் புது வைரஸ் முழுதாக வெளியே வந்தது. சோதித்த 10 கட்டிகளில் எட்டில் அது இருந்தது. 2008-ல் ஹுய்சென் ஃபெங்கை முதல் ஆசிரியராகக் கொண்டு கட்டுரை வெளியானது.

மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ் அயலான் இல்லை. வயது வந்தவர்களில் பெரும்பாலோரின் தோலில் சத்தமில்லாமல் வாழ்கிறது. மிக அரிதாக ஒரு விபத்து நடக்கிறது. வைரஸின் டி.என்.ஏ. உடைந்து நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்கிறது. அந்த உடைப்பில், தன்னைப் பெருக்கிக்கொள்ளும் திறனை வைரஸ் இழக்கிறது. செல்லைப் பெருகச் செய்யும் திறன் மட்டும் மிஞ்சிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி விழிப்போடு இருந்தால் அந்தச் செல்லை அடையாளம் கண்டு அழிக்கும். இல்லாவிட்டால் வலியில்லாத, கெட்டியான, சிவந்த அல்லது ஊதா நிறக் கட்டி சில வாரங்களில் வளர்ந்துவிடும். கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடும் ஆபத்து அதிகம். 2023 செப்டம்பரில் இறந்த அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட்டுக்கு வந்தது இந்தப் புற்றுநோய்தான்.

இங்கேயும் காவலை எழுப்புவதே கைகொடுத்தது. புற்றுச் செல் நம் எதிர்ப்புச் சக்தியின் மீது போட்டுவைத்திருக்கும் பிரேக்கை விடுவிக்கும் அவெலுமாப் என்ற மருந்துக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முற்றிய மெர்க்கல் செல் கார்சினோமாவுக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

பாலுண்ணிக்குப் பயப்படலாமா?

வைரஸ், தோல், புற்றுநோய் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னதுமே விரலில் இருக்கும் மருவைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். பயம் வேண்டாம். நம் வீடுகளில் குதிரை முடியைக் கட்டியும், அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவியும், கோயிலில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்டும் போக்கப் பார்க்கிற சாதாரண மருவும் பாலுண்ணியும் வைரஸால் வருபவைதாம். அவை புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும். எச்.பி.வி. வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 போன்ற சில வகைகள்தான் கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளிலும் புற்றுநோயைத் தருபவை. அவற்றைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகிறது. வீட்டில் பெண் குழந்தை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள்.

சாதாரண மரு வைரஸ்கூட, காவல் இல்லாத உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு இந்தோனேசியாவின் டெடெ கொஸ்வாரா சாட்சி. கையும் காலும் மரப்பட்டை முளைத்ததுபோல ஆகிவிட்ட அவருக்கு உலகம் 'மர மனிதர்' என்று பெயர் வைத்தது. பிழைப்புக்காக வேடிக்கைக் காட்சியில் நின்றார். அவரிடம் இருந்தது எங்கும் காணக்கூடிய எச்.பி.வி. 2 வகைதான். குறை அவருடைய எதிர்ப்புச் சக்தியில் இருந்தது. 2008-ல் கிலோக் கணக்கில் மருக்களை வெட்டி எடுத்தும் அவை மறுபடி வளர்ந்தன. 2016-ல் இறந்துபோனார்.

இதேபோலப் பிறவியிலேயே குறிப்பிட்ட சில மரபணுக் குறைகள் உள்ளவர்களுக்கு எச்.பி.வி. 5, 8 வகைகள் உடம்பெங்கும் தேமல்போலத் தட்டையான மருக்களை உண்டாக்கும். லெவண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1922-ல் விவரித்த நோய் இது. வெயில் படும் இடத்து மருக்கள் நடுவயதுக்குள் பலருக்குப் புற்றுநோயாகின்றன. வைரஸும் வெயிலும் கைகோக்கும் இந்த உண்மையைத் தோல் மருத்துவத்துக்குக் காட்டியதில் போலந்தின் ஸ்டெஃபானியா யப்லோன்ஸ்காவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னையில் ஏன் அதிகம் பார்க்கவில்லை?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில்தான். 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அதன்பின் ஆயிரமாயிரம் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்த நம் டாக்டர்கள், கபோசி சார்கோமாவை அபூர்வமாகவே பார்த்தார்கள். காவல் இங்கும் தளர்ந்தது. ஆனால் கபோசி வைரஸ் நம் மக்களிடம் குறைவு. இரண்டும் சேர்ந்தால்தான் நோய் என்பதற்கு நாமே ஒரு சான்று. ஆப்பிரிக்காவில் இரண்டும் சேர்ந்தன. 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 34,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்தான்.

டாக்டரிடம் காட்ட வேண்டியவை

- ஊதா, கருஞ்சிவப்பு, கரும்பழுப்பு நிறத்தில் தோன்றி, அழுத்தினாலும் வெளுக்காமல், வாரக்கணக்கில் மறையாத திட்டு. வாய்க்குள் அண்ணத்தில் வந்தாலும் கவனிக்க வேண்டும்.
- முகம், கழுத்து, கையில் வலியில்லாமல் வேகமாக வளரும் கெட்டியான கட்டி.
- ஆறாத புண், ரத்தம் கசியும் மரு, திடீரென்று பெருத்த பழைய மரு.
- மாற்று உறுப்பு பெற்றவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள்: தோலில் எந்தப் புதிய மாற்றம் வந்தாலும்.
- இவர்கள் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. மருந்தை மாற்றுவது டாக்டரின் வேலை.

சந்தேகம் வந்தால் ஒரு சிறு பயாப்சி போதும். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் திட்டின் மேல் மேக்கப் பூசிக்கொண்டவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. காட்டினால் வேலை போகும், வீடு போகும். இத்தனையும் போன பிறகு டாக்டர் கையில் கொடுக்க மருந்தும் இல்லை. இன்றைக்கு மருந்து இருக்கிறது, மாற்று மருந்தும் இருக்கிறது. நம் வீடுகளில் மாறாமல் இருப்பது, தோலில் வந்ததை முழுக்கைச் சட்டைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளித்துவைக்கிற பழக்கம் மட்டும்தான். உங்கள் அப்பாவோ அத்தையோ கொஞ்ச நாளாகக் கையை மூடிக்கொண்டே இருக்கிறார்களா? என்னவென்று கேளுங்கள். அருவருக்காமல் தொட்டுப் பாருங்கள். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.